ஆத்தா வராத வீட்டு வேப்பிலை

வில்லாபுரம், மதுரை.
சித்திரை பிறந்த வாரம்.

அன்பில் குறை இல்லாத, போன் எடுப்பதில் மட்டும் குறையுள்ள மாப்பிள்ளை முத்துக்குமரனுக்கு, உன் அக்கா புருசன் நல்லகாமன் எழுதிக்கொண்டது. இங்கே நானும், என் லோடு ஆட்டோவும், சமையல்கட்டுப் பல்லியும் சௌக்கியம். அங்கே திருப்பூரில் நீயும், உன் பெண்டாட்டியும், உன் தொந்தியும் சௌக்கியமாக இருக்க அழகரை வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இதை எழுதுகிற இந்த நேரத்தில் என் மூஞ்சியில் என் பேரனுடைய மூத்திரத்துணி கிடக்கிறது. சிரிக்காதே, துவைத்ததுதான். அதைக் குடத்துத் தண்ணீரில் நனைத்து, பிழிந்தும் பிழியாமலும் மூஞ்சியில் போட்டு, கண்ணுக்கு நேரே மட்டும் சுருட்டி விட்டுக்கொண்டு, சொட்டுகிற தண்ணீர் காகிதத்தில் விழாமல் கழுத்தை ஒட்டகம் மாதிரி நீட்டிக்கொண்டு எழுதுகிறேன். அப்படியும் அங்கங்கே எழுத்து கரைந்திருந்தால் மச்சான் அழுதுவிட்டார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரியாதே. அது குடத்துத் தண்ணீர்.

போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். உன் போன் எப்போதும் ஸ்பீக்கரில் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமையானால் உன் அக்கா இருக்கிற என் மகள் ஆர்த்திகா வீட்டில்தான் உனக்குச் சாப்பாடு. நான் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் உன் அக்கா ஒச்சம்மாதான் முதலில் கேட்பாள், அப்புறம்தான் உனக்குச் சொல்வாள், அதுவும் அவளுக்குத் தோதான பாதியை. அதனால்தான் உன் பனியன் கம்பெனி விலாசத்துக்கே எழுதுகிறேன். பள்ளிக்கூடம் என்னை அஞ்சாம் வகுப்போடு போதும் சாமி என்று கும்பிட்டு அனுப்பிவிட்டது, அதனால் பிழை இருந்தால் வாத்தியாரைத் திட்டு.

விசயம் இதுதான். உன் அக்கா சித்திரைத் திருவிழாவில் அழகர் எதிர்சேவை பார்க்கப் பேரனைத் தூக்கிக்கொண்டு வருவதாக இருந்தாள், இப்போது வரமாட்டேன் என்கிறாள். அவளைக் கூட்டிக்கொண்டு வருவது உன் பொறுப்பு. ஏன் வரமாட்டேன் என்கிறாள் என்பதை ஆதியிலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும்.

ஆர்த்திகாவுக்குத் தலைப்பிரசவம் இங்கே நம் வீட்டில் நடந்தது உனக்குத் தெரியும். பிறகு பிள்ளையோடு அவள் திருப்பூர் கிளம்பும்போது உன் அக்காவும் கூடக் கிளம்பினாள். "ஒரு மாசம் இருந்து, பிள்ளையப் பழக்கி விட்டுட்டு வாரேன்" என்றாள். பேரன் இப்போது நடக்கிறான். அவள் இன்னும் பழக்கிக்கொண்டிருக்கிறாள், பிள்ளையையா திருப்பூரையா என்றுதான் தெரியவில்லை. நான் குறை சொல்லவில்லை மாப்ள. மகள் வேலைக்குப் போக வேண்டும், பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும், எல்லாம் நியாயம்தான். எனக்கு இங்கே என்ன குறை? டிவி ரிமோட் என் கையில். எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் கேட்க ஆள் கிடையாது. சோறு மட்டும் இன்னும் ரெண்டு பேருக்கு வடித்துவிடுகிறேன், கை அப்படிப் பழகிவிட்டது. மிச்சத்துக்கு மறுநாள் பழைய சோறு, அதற்கும் மிச்சம் எதிர்வீட்டு ஆட்டுக்கு.

இப்படி ராஜா மாதிரி இருந்தவன் மூஞ்சியில்தான் பங்குனி வெயில் வந்து உட்கார்ந்தது. கப்பலூர் கம்பெனிகளுக்கு லோடு அடிக்கிறேனில்லையா, முன் கண்ணாடி வழியாக வெயில் நேரே கன்னத்தில்தான் இறங்கும். முதலில் ரெண்டு கன்னமும் மூக்கும் சூடேறின. பிறகு எறும்பு ஊர்கிற மாதிரி அரிப்பு. பிறகு குருணை குருணையாகப் பொரிகள். என் நிறத்துக்குச் சிவப்பு என்றால் எப்படி இருக்கும்? சூளையில் ஒரு பக்கம் மட்டும் வெந்த செங்கல் மாதிரி இருந்தது. கப்பலூரில் ஒரு கம்பெனி வாசலில் காவலுக்கு நிற்கிறவன் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, "அண்ணே, கொஞ்சம் ஊதுங்க" என்றான். ஊதினேன். மோந்து பார்த்துவிட்டு, "தயிர்ச்சோறா?" என்றான். "ஊறுகாயும் உண்டு" என்றேன். கேட்டைத் திறந்துவிட்டான். காலையில் கிளம்பியதிலிருந்து என் மூஞ்சியைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டவன் அவன் ஒருத்தன்தான்.

உன் அக்கா இருந்திருந்தால் ஏதாவது செய்திருப்பாள். அவள்தான் இல்லையே, நானே செய்துகொண்டேன். எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்த்தேன், எரிந்தது. எரிந்தால்தான் கேட்கும் என்று உப்பையும் சேர்த்துத் தேய்த்தேன். அது கொஞ்சம் அடங்கியதும் ஒரு புத்தி வந்தது. தலைவலித் தைலம் போட்டால் நெற்றி ஜில்லென்று இருக்கிறதே, அதையே கன்னத்தில் போட்டால் கன்னமும் ஜில்லென்று இருக்காதா? மாப்ள, உனக்கு ஆகாதவன் எவனாவது இருந்தால் இந்த வைத்தியத்தைச் சொல்லிக் கொடு. பூசி ஒரு பீடி பிடிக்கிற நேரம் சும்மா இருந்தது. அப்புறம் மூஞ்சியில் யாரோ தோசைக்கல்லை வைத்து அமுக்கின மாதிரி ஆகிவிட்டது. தண்ணீரை அடித்தால் இன்னும் ஏறுகிறது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருமுனை சேக் இஸ்மாயில் பாய் கடைக்கு ஓடினேன், ஐஸ்கிரீம் பெட்டியின் கண்ணாடியைத் தள்ளினேன், தலையை உள்ளே விட்டுவிட்டேன்.

சொர்க்கம் மாப்ள. ஒரு பக்கம் கப் ஐஸ், ஒரு பக்கம் குச்சி ஐஸ். வெளியே பாய் குரல் கேட்கிறது. "அண்ணே, என்ன வேணும்னு சொன்னா நானே எடுத்துக் குடுப்பேன்ல?"

"ஒண்ணும் வேணாம் பாய். தலைய மட்டும் கொஞ்ச நேரம் வச்சுக்கங்க."

"வச்சுக்கலாம்ணே, பின்னாடி ஐஸ் வாங்க ஆளு நிக்கிறாக."

எடுத்துத் திரும்பினால் நம் தெருப் பொம்பளைகள் பாதிப் பேர் நிற்கிறார்கள். முன்னால் நிற்பது யார் தெரியுமா? எதிர்வீட்டு நம் பங்காளி பேயாண்டி அண்ணன் பெண்டாட்டி தங்கப்பொண்ணு மதினி. என் மூஞ்சியைப் பார்த்த உடனே வாங்கின ஐஸைப் பாய் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும் என்னைக் கும்பிடுகிறாளே என்று கையை உயர்த்தி ஆசீர்வாதம் பண்ணிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். விளையாட்டுக்குத்தான். அந்த ஆசீர்வாதம்தான் வினையாகிவிட்டது.

சாயங்காலம் கதவைத் திறந்தால் நிலையில் வேப்பிலைக் கொத்து. வாசலில் மஞ்சள் தண்ணீர். தெருவுக்கு அந்தப் பக்கம் மதினி நிற்கிறாள், நாலு எட்டு தள்ளி.

"கொழுந்தனாரே, வெளிய வராதீக. ஆத்தா வந்திருக்கா."

"எங்க ஆத்தாவா? அது போயி எம்புட்டு வருசமாச்சு. இப்ப என்ன, பாக்கி கேக்க வந்திருக்கா?"

"வாயக் கழுவுங்க! மூஞ்சில முத்துப் போட்டிருக்கா, அவள வச்சுக்கிட்டுக் கேலி பேசுறீகளே. தாளிக்காதீக, எண்ணெய் தொடாதீக. எதுனாலும் சத்தம் குடுங்க, நான் படியில வச்சிட்டுப் போறேன்."

இது அம்மை இல்லை மதினி, வெயிலும் தைலமும் சேர்ந்து பண்ணின கூத்து என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மதினி வீட்டுக்குப் போய் இளநீர் வெட்டி, படியில் வைத்துவிட்டு, "ஒச்சம்மா இல்லாத வீடு. சாப்பிட்டீகளா?" என்றாள்.

மாப்ள, அந்தக் கேள்வியை என்னிடம் யாராவது கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை. இளநீரை எடுத்துக் குடித்துவிட்டேன். குடித்த பிறகு அம்மை இல்லை என்று சொன்னால் மரியாதையா?

மறுநாள் கம்பங்கூழ் வந்தது. நுங்கு வந்தது. இத்தனை நாள் என் ஆட்டோ ஹாரனுக்குக்கூடத் திரும்பிப் பார்க்காதவர்கள் எல்லாம் தெருவில் நின்று, "ஆத்தா எப்படி இருக்கா?" என்று விசாரித்துவிட்டுப் போகிறார்கள். நானும் ஜன்னல் வழியாக, "ராத்திரி கொஞ்சம் கோவமா இருந்தா, இப்ப தேவலை" என்று பதில் சொல்கிறேன். வீட்டுக்குள் ஒருத்தி வந்து உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது. சிரிக்காதே, பல்லியிடம் பேசுவதைவிட அது தேவலை.

ஆனால் அரிப்புக்கு இளநீரும் தெரியாது நுங்கும் தெரியாது. சொறிந்தால் எரிகிறது, சொறியாவிட்டால் பைத்தியம் பிடிக்கிறது. சேக் இஸ்மாயில் பாய்தான் கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்து, வேப்பிலையைத் தாண்டி உள்ளே வந்து, "எந்திரிங்கண்ணே, தோல் டாக்டர்ட்டப் போவோம்" என்று வண்டியில் ஏற்றினார். தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனேன், ஆத்தாவுக்குத் தெரியாமல் போகிற மாதிரி.

டாக்டரம்மா சின்னப் பொண்ணு, நம் ஆர்த்திகா வயசுதான் இருக்கும். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். அம்மையும் இல்லை ஒன்றும் இல்லை, இதற்கு ரோசேசியா என்று பெயர், யாருக்கும் ஒட்டாது, அடியோடு போகாது, ஆனால் சொன்னபடி கேட்டால் அடங்கிக் கிடக்கும் என்றாள். எலுமிச்சம்பழம், உப்பு, தைலம் என்று நான் சொல்லச் சொல்ல அவள் மூஞ்சி என் மூஞ்சியைவிடச் சிவந்துவிட்டது.

"எப்பெப்ப ஜாஸ்தியா எரியுது?"

"வெயில்ல போனா. சால்னா சாப்பிட்டா. சூடா டீ குடிச்சா."

"வேற?"

"சாயங்காலம் வீடியோ கால் பேசி முடிச்ச பெறகு."

"யார்கூடப் பேசுவீங்க?"

"பேரன்கூட. அவன் என்னையத் தாத்தான்னு கூப்பிட மாட்டான் டாக்டரம்மா. போனுக்குத்தான் தாத்தான்னு பேரு வச்சிருக்கான். எவன் போனப் பாத்தாலும் தாத்தாங்கிறானாம்."

பாய் சிரித்தார். நானும் சிரித்தேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு, "மனசு சங்கடப்பட்டாலும் இது செவக்கும்யா" என்றாள்.

"எனக்கா சங்கடம்? நல்லாக் கேட்டீக போங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் கன்னம் எரிந்தது.

அவள் சொன்ன வைத்தியம் ரொம்பச் சாது மாப்ள. மூஞ்சியைச் சொறியவும் கூடாது, துண்டால் தேய்க்கவும் கூடாது. அரிக்கும்போது மெத்தென்ற பருத்தித் துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துச் சும்மா போட்டு வைக்க வேண்டும், ஐஸை நேராக வைக்கக் கூடாது, பெட்டிக்குள் தலையையும் விடக் கூடாது. வாசனை இல்லாத சோப்பு, வாசனை இல்லாத கிரீம், எழுதிக் கொடுத்த களிம்பு. வெயிலுக்குப் பூச ஒன்று, பிடிக்கக் குடை. டீயை ஆற வைத்துக் குடி, காரத்தைக் குறை. மதுரையில் பிறந்தவனிடம் சால்னாவைக் குறை என்று எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள் பார். குடைக்கு எங்கே போவது? வீட்டில் இருப்பது உன் அக்காவுடைய பூப்போட்ட குடைதான். அதைப் பிடித்துக்கொண்டுதான் லோடு இறக்குகிற இடத்தில் நிற்கிறேன். கப்பலூரில் எனக்கு இப்போது வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், அதை எழுத முடியாது.

மெத்தென்ற துணிக்கு வீடு முழுக்கத் தேடினேன். என் வேட்டி உப்புத்தாள் மாதிரி. உன் அக்கா சேலைகள் எல்லாம் பாலியஸ்டர். கடைசியில் பீரோவுக்கு அடியில் ஒரு பை. பிள்ளை பிறந்தபோது உன் அக்கா பழைய பருத்தி வாயில் சேலையைக் கிழித்து, ஓரம் அடித்து வைத்த துணிகள். போட்டுப் போட்டுத் துவைத்து, வாழைப்பூ உள்மடல் மாதிரி ஆகியிருக்கிறது. நனைத்துப் போட்டால் அரிப்பு அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. பவுடர் வாசனை கொஞ்சம் இன்னும் இருக்கிறது. வாசனை கூடாது என்று டாக்டரம்மா சொன்னாள். இந்த ஒரு விசயத்தில் மட்டும் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

இனிமேல்தான் வில்லங்கம். டாக்டரிடமிருந்து வந்த கையோடு வேப்பிலையை அவிழ்க்கப் போனேன். மதினி எதிர்வீட்டிலிருந்து கத்தினாள் பார், பேயாண்டி அண்ணன் கையில் இருந்த காப்பியைக் கொட்டிவிட்டார்.

"மூணு தண்ணி ஊத்தாம அதத் தொடுறதா? கட்டுனது நீங்களா, நானா?"

"மதினி, இது அம்மை இல்லையாம். டாக்டர் சொல்லிட்டாக."

"ஆத்தா இல்லைன்னு சொல்லவா டாக்டருக்குப் படிச்சாக? அவளே எறங்கிப் போவா. நாள் பாத்து வேப்பிலைத் தண்ணி ஊத்தணும். பெறகு அவிழ்ப்போம்."

"அப்ப மூஞ்சிய விட்டு ஊத்துங்க."

"மூஞ்சிலதான கொழுந்தனாரே எறங்கியிருக்கா!"

முதல் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. மஞ்சளும் வேப்பிலையும் மூஞ்சியில் படாமல் இருக்க ஹெல்மெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். தெருவே பார்த்தது. ஆத்தா என்ன நினைத்தாளோ தெரியாது.

இதற்குள் மதினி நல்ல மனசோடு ஒரு காரியம் செய்துவிட்டாள். திருப்பூருக்குப் போன் போட்டு உன் அக்காவிடம், "உன் வீட்டுக்காரருக்கு அம்மை, பச்சப்புள்ளையத் தூக்கிட்டு வந்துராத" என்று சொல்லிவிட்டாள். அடுத்த நிமிசம் உன் அக்கா வீடியோவில்.

"மூஞ்சியக் காட்டுங்க." காட்டினேன். "ஆத்தாடி!"

"ஏய், இது அம்மை இல்ல. ரோசேசியா. யாருக்கும் ஒட்டாது. நீ பயலத் தூக்கிக்கிட்டு வா."

"பேரெல்லாம் நல்லாத்தான் கண்டுபிடிக்கிறீக. தை மாசம் காலு ஒடிஞ்சிருச்சுன்னீக. அதுக்கு முன்ன சமையக்கட்டுல சாரைப்பாம்புன்னீக."

"அது சும்மா சொன்னதுதான்."

"சும்மாதான் சொல்வீக, தெரியாதா? தங்கப்பொண்ணு அக்கா சொல்றதக் கேட்டு நடங்க. எளநி குடிங்க. இந்த வருசம் திருவிழா வேணாம். ஆத்தா எறங்கட்டும், வாரேன்."

இதைச் சொல்லும்போது அவள் திட்டவே இல்லை மாப்ள. கல்யாணம் ஆன நாளிலிருந்து என் பொய்க்கெல்லாம் தவறாமல் திட்டினவள், என் முதல் உண்மைக்கு மெதுவாகப் பேசுகிறாள். அதுதான் எனக்கு இடிக்கிறது. பேரன் பக்கத்தில் இருந்து போனைத் தொட்டு, "தாத்தா" என்றான். போனைத்தான்.

கால் ஒடிந்தது பொய், பாம்பு பொய். அவளை வரவைக்கத்தான் சொன்னேன், வந்தாளா? உண்மையாகவே ஒன்று வந்திருக்கும்போது என் வாய்க்கு மதிப்பு இல்லை. உன் வாய்க்கு உண்டு. நீதான் சொல்ல வேண்டும். இது ஒட்டாது, மச்சான் டாக்டரைப் பார்த்துவிட்டார், பாய் சாட்சி, பிள்ளையைத் தைரியமாகத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று சொல். அழகர் வருகிற அன்றைக்கு அந்தப் பயலை என் தோளில் உட்கார வைத்து, தாத்தா என்றால் எது என்று ஒரு தடவை காட்டிவிட வேண்டும். அவ்வளவுதான். நான் கேட்டதாகச் சொல்லாதே. மச்சான் சந்தோசமாகத்தான் இருக்கிறார், வந்தால் வரட்டும் வராவிட்டால் போகட்டும் என்கிறார் என்று சொல்.

உன் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உன் தொந்திக்குத் தனியாக ஒன்று. மதுரைப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வா, சோறு எப்போதும் ஒரு ஆளுக்கு அதிகமாகவே இருக்கும்.

இப்படிக்கு,
மூஞ்சி சிவந்தாலும் மனசு கறுக்காத உன் மச்சான்,
நல்லகாமன்.

பி.கு.: இதை எழுதி, ஸ்டாம்பு வாங்காமல் டிவி மேல் வைத்துவிட்டேன். அதற்குள் மூன்று தண்ணீரும் முடிந்து, மதினி வேப்பிலையை அவிழ்த்துவிட்டாள். மூஞ்சியும் அடங்கிவிட்டது. மறுநாளிலிருந்து படியில் இளநீர் இல்லை, அதுவும் நியாயம்தானே. நேற்று ஆர்த்திகா கம்பெனியிலிருந்து போன் பண்ணினாள். பேச்சுவாக்கில் வாய் தவறிவிட்டது. "தங்கப்பொண்ணு பெரியம்மா போன் பண்றதுக்கு முன்னாடியே டிக்கெட்டக் கேன்சல் பண்ணியாச்சுப்பா. எனக்கு லீவு இல்லைன்னுட்டாங்க, பிள்ளையும் எங்கிட்டத்தான் இருக்கணும், பாத்துக்க அம்மா வேணும். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு அம்மா அழுதுக்கிட்டே இருந்துச்சு, அப்பத்தான் பெரியம்மா போன் வந்துச்சு. நான் சொன்னேன்னு சொல்லிராதீக."

ஆகையால் மாப்ள, மேலே எழுதிய எதையும் உன் அக்காவிடம் சொல்லாதே. எனக்கு வந்தது அம்மைதான். ஆத்தாதான் வந்தாள், அவள்தான் இந்த வருசம் யாரும் வர வேண்டாம் என்று சொன்னாள். அவளுக்கு எத்தனையோ பழி, இதையும் சுமக்கட்டும். ஆத்தா இன்னும் முழுசாக இறங்கவில்லை என்றே உன் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். வீடியோவில் தெரியட்டும் என்று இன்று காலையில் நானே புதுசாக ஒரு வேப்பிலைக் கொத்து ஒடித்து வந்து நிலையில் கட்டிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு லோடுக்குப் போனேன்.

மத்தியானம் வந்து பார்த்தால், பேயாண்டி அண்ணன் வீட்டு ஆடு கொத்து முழுவதையும் தின்றுவிட்டு, கயிற்றை மட்டும் வைத்துவிட்டு, வாசலை அடைத்துப் படுத்திருக்கிறது. தாண்டித்தான் உள்ளே வந்தேன். சாயங்கால வீடியோ காலுக்கு வேறு கொத்து ஒடிக்க வேண்டும். ஆடு சௌக்கியம்.